அரசு இணையதளமும் மாற்றுத்திறனாளிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துறையின் இணையதளத்தைக் கவனிக்கும் பொறுப்பு பெரும்பாலும் யாரும் கேட்டு வாங்கியதாக இருக்காது. தலையில் கட்டியதாகத்தான் இருக்கும். அப்படிப் பொறுப்பேற்ற அலுவலர்களும் பிரிவு உதவியாளர்களும், அவர்களுக்குத் தளம் செய்துகொடுக்கும் நிறுவனத்தாரும், தளத்தை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி செய்வதைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. சட்டம் இந்தியா முழுமைக்கும் பொது. உதாரணங்கள் தமிழ்நாட்டு அலுவலகங்களை மனதில் வைத்துச் சொன்னவை.

எங்கள் தளத்துக்குப் பார்வையற்றவர்கள் யாரும் வருவதாகத் தெரியவில்லையே. அப்புறம் எதற்கு இது?

வந்து முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவர்கள் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்கள். ஒருவர் ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதைக் குரலில் படித்துக்காட்டும் மென்பொருள்) வைத்துப் படிக்கிறாரா என்பதைத் தளத்தின் வருகைப் பதிவு சொல்லாது. ஆகவே 'யாரும் வருவதில்லை' என்பதற்கு உங்களிடம் ஆதாரம் எதுவும் இல்லை.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் சுமார் 11.8 லட்சம். அந்தக் கணக்கெடுப்பு எட்டு வகைகளை மட்டுமே கேட்டது. 2016 சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. பார்க்கின்சன் நோயால் கை நடுங்குபவர், டிஸ்லெக்ஸியா உள்ள மாணவர், பார்வை மங்கலானவர் எல்லோரும் அந்த 21-க்குள் வருவார்கள்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உதவித்தொகை, யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, பஸ் பாஸ், கல்விச் சலுகை என்று ஒரு மாற்றுத்திறனாளிக்கு அரசோடு இருக்கும் வேலை மற்றவர்களைவிட அதிகம். ஷாப்பிங் தளம் சரியில்லை என்றால் அவர் வேறு தளத்துக்குப் போய்விடலாம். உங்கள் துறைக்கு வேறு தளம் கிடையாது.

சட்டப்படி கட்டாயமா, இல்லை செய்தால் நல்லதா?

கட்டாயம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, பிரிவு 42 மின்னணு வடிவத்தில் உள்ள தகவல்கள் அவர்களுக்கு எட்டும்படி இருக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. பிரிவு 46 சேவை வழங்குவோருக்கு இரண்டு ஆண்டு கெடு வைத்தது. அரசானாலும் தனியாரானாலும் அது பொருந்தும். விதிகள் வந்தது 2017 ஜூனில். கெடு எப்போதோ முடிந்துவிட்டது. சட்டத்தை மீறினால் பிரிவு 89-ன் கீழ் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து மீறினால் 50,000 முதல் 5 லட்சம் வரை.

'அந்த 2017 விதிகளில் அணுகல் தரங்களைப் பேசும் விதி 15-ல் உள்ளவை வெறும் பரிந்துரைதானே' என்று முன்பு ஒரு வாதம் ஓடிக்கொண்டிருந்தது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. சட்டம் கட்டாயம் என்று சொல்வதை விதி விருப்பம்போல் செய்யலாம் என்று நீர்த்துப்போகச் செய்ய முடியாது என்று கூறி விதி 15(1)-ஐச் செல்லாததாக்கியது. கட்டாயமான விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. அடுத்து 2025 ஏப்ரல் 30 அன்று பிரக்யா பிரசூன் வழக்கு. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டினால்தான் கேஒய்சி முடியும் என்றால் ஆசிட் வீச்சில் கண் பாதிக்கப்பட்டவர் என்ன செய்வார் என்பதுதான் அதில் எழுந்த கேள்வி. டிஜிட்டல் சேவையைப் பெறும் உரிமை அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்று தீர்ப்பு வந்தது. கோப்பில் குறிப்பு எழுதும்போது இந்த இரண்டையும் மேற்கோள் காட்டுங்கள். நிதி ஒப்புதல் கொஞ்சம் வேகமாக நகரும்.

எந்தத் தரத்தைப் பின்பற்றுவது? ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்களே.

உலக அளவில் எல்லோரும் கைகாட்டுவது டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற வழிகாட்டியை. 2.0 பதிப்பு 2008-ல், 2.1 2018-ல், 2.2 2023 அக்டோபரில் வந்தது. இந்திய அரசுத் தளங்களுக்கென்று உள்ள ஜி.ஐ.ஜி.டபிள்யூ. வழிகாட்டியின் மூன்றாம் பதிப்பு 2023-ல் வந்தது, அது டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.1 பதிப்பின் மூன்று நிலைகளில் நடுவில் உள்ள 'ஏஏ' நிலையைக் கேட்கிறது, செயலிகளையும் சேர்த்து. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 17802 என்ற தரமும் இருக்கிறது. மூன்றும் மூன்று திசையில் இழுப்பவை அல்ல. 2.1 'ஏஏ'-வை ஒழுங்காகச் செய்தால் பெரும்பகுதி முடிந்த மாதிரி.

எங்கிருந்து தொடங்குவது? முகப்புப் பக்கத்தைச் சரிசெய்கிறோம் என்கிறது கம்பெனி.

வேண்டாம். முகப்பில் மந்திரி படமும் திட்டங்களின் ஸ்லைடு ஷோவும்தான் இருக்கும். அதைப் பார்க்க யாரும் வருவதில்லை.

மக்கள் அதிகம் வரும் ஒரு சேவையை எடுத்துக்கொள்ளுங்கள். வருமானச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்வோம். கூகுளில் தேடுவதில் ஆரம்பித்து, உள்நுழைந்து, படிவம் நிரப்பி, ஆவணம் ஏற்றி, பணம் கட்டி, கடைசியில் சான்றிதழைத் தரவிறக்கிப் படிப்பது வரை ஒருவர் யார் துணையும் இல்லாமல் போக முடிகிறதா என்று பாருங்கள். ஒன்பது படி சரியாக இருந்து பத்தாவதில் நின்றுபோனால் அவருக்குச் சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான். ஒரு சேவை முழுதாக முடிந்தபின் அடுத்ததற்குப் போங்கள். எல்லாப் பக்கத்திலும் பாதி வேலை செய்துவைப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

ஸ்கிரீன் ரீடரில் எங்கள் படிவம் எப்படி இருக்கும் என்று எனக்குப் புரியவே இல்லை.

கேட்டுப் பார்த்துவிடுங்கள். என்.வி.டி.ஏ. என்ற ஸ்கிரீன் ரீடர் இலவசம்; ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006-ல் தொடங்கியது. விண்டோஸ் கணினியில் நிறுவி, திரையை அணைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே போங்கள்.

நன்றாகச் செய்த படிவத்தில் 'விண்ணப்பதாரர் பெயர், எடிட், ரிக்வயர்டு' என்று கேட்கும். லேபிள் இணைக்காத படிவத்தில் 'எடிட், பிளாங்க்' என்று மட்டும் வரும். அடுத்ததும் 'எடிட், பிளாங்க்'. அதற்கடுத்ததும் அதேதான். கட்டத்துக்குப் பக்கத்தில் 'தந்தை பெயர்' என்று எழுதியிருப்பது கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அந்த எழுத்தும் அந்தக் கட்டமும் ஒன்றுக்கொன்று சொந்தம் என்று நிரலில் யாரும் சொல்லவில்லை. பெயரை அப்பா கட்டத்திலும் அப்பா பெயரை முகவரிக் கட்டத்திலும் அடித்துவிட்டு, விண்ணப்பம் நிராகரிக்கப்பட்ட பிறகுதான் அவருக்கு விஷயமே தெரியும்.

அடுத்து மாவட்டப் பட்டியல். எலியால் தேர்ந்தெடுப்பவருக்குப் பிரச்சினை இல்லை. விசைப்பலகையில் கீழ் அம்பை ஒருமுறை அழுத்தியதுமே முதலில் இருக்கும் அரியலூர் தேர்வாகி, வட்டங்களைக் கொண்டுவரப் பக்கம் மறுபடி ஏறி, கர்சர் பக்கத்தின் தலைப்புக்குப் போய்விடும். தஞ்சாவூர்க்காரர் எத்தனை முறை வந்தாலும் அரியலூரைத் தாண்ட முடியாது. தேர்வு மாறியதும் தானாக ஓடாமல் 'அடுத்து' பொத்தானை அழுத்தினால் ஓடும்படி வைத்தால் போதும். நிரலில் சில வரிகள்தான்.

பிழைச் செய்தியையும் கவனியுங்கள். சமர்ப்பித்ததும் கட்டம் சிவப்பாக மாறுவது கேட்பவருக்குத் தெரியாது. 'தவறான உள்ளீடு' என்பது பார்ப்பவருக்கும் உதவாது. 'பின்கோடில் 6 இலக்கம் இருக்க வேண்டும்' என்று அந்தக் கட்டத்தோடு இணைத்து எழுதுங்கள். ஒரு பிழைக்காக நிரப்பியதெல்லாம் அழிந்துபோகும் படிவங்கள் இன்னமும் இருக்கின்றன. அது எல்லா மனிதர்களுக்கும் எதிரானது.

ஆங்கிலப் பக்கத்தை வாசிக்கிறது, தமிழ்ப் பக்கத்தை மட்டும் வாசிக்க மறுக்கிறதே?

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம்.

ஒன்று, மொழிக் குறிப்பு. ஒவ்வொரு பக்கத்தின் நிரலிலும் இது எந்த மொழி என்று சொல்லும் 'லாங்' என்ற பண்பு உண்டு. ஆங்கில வார்ப்புருவில் தமிழை ஊற்றிச் செய்த தளங்களில் அது ஆங்கிலம் என்றே கிடக்கும். அதை நம்பி ஸ்கிரீன் ரீடர் ஆங்கிலக் குரலைக் கூப்பிடும். குரலைப் பொறுத்து, தமிழ் எழுத்துகளைத் தாண்டிப் போய்விடும் அல்லது எதையோ உளறும். குறிப்பைத் தமிழ் என்று மாற்றினால், பயனரிடம் இருக்கும் தமிழ்க் குரல் பேசத் தொடங்கும். என்.வி.டி.ஏ.வுடன் வரும் ஈஸ்பீக் தமிழ் பேசும், கொஞ்சம் இயந்திரத்தனமாக. விண்டோஸில் 'வள்ளுவர்' என்ற பெயரிலேயே ஒரு தமிழ்க் குரல் உண்டு. தமிழ்ப் பக்கத்தின் நடுவே ஆங்கிலப் பத்தி வந்தால் அந்தப் பத்திக்கு மட்டும் தனிக் குறிப்பு போட வேண்டும்.

இரண்டாவது, எழுத்துரு. இது நமக்கே உரிய தலைவலி. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கோப்பு கண்ணுக்குத் தமிழ். கணினிக்கு வேறு ஏதோ எழுத்துகள். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல்லின் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, செமிகோலன். ஸ்கிரீன் ரீடர் அதைத்தான் வாசிக்கும். தேடினாலும் கிடைக்காது, நகலெடுத்தாலும் கிறுக்கலாக வரும். யூனிகோடைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே தரமாக ஏற்றுவிட்டது. ஆனால் பல பிரிவுகளில் தட்டச்சு இன்னும் பழைய எழுத்துருவில்தான் நடக்கிறது, ஏனென்றால் பழகிய கை. விசைப்பலகைப் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை. அதே விசை அமைப்பில் யூனிகோடு அடிக்கும் மென்பொருள்கள் கிடைக்கின்றன. பழைய கோப்புகளுக்கு எழுத்துரு மாற்றிகள் உண்டு. மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் படித்துவிடுங்கள், குறிப்பாக எண்களையும் நிறுத்தக்குறிகளையும்.

அரசாணை, சுற்றறிக்கை எல்லாம் பிடிஎஃப்பாகப் போடுகிறோம். அது போதுமே?

எந்த பிடிஎஃப் என்பதைப் பொறுத்தது. வழக்கமாக என்ன நடக்கிறது? பிரிவில் ஒருவர் கணினியில் தட்டச்சு செய்கிறார். அச்செடுத்துக் கையெழுத்துக்குப் போகிறது. கையெழுத்தானதும் ஸ்கேன் செய்து, சில நேரம் கோணலாகவே, தளத்தில் ஏற்றுகிறார்கள். அது உரையே இல்லை, காகிதத்தின் புகைப்படம். ஸ்கிரீன் ரீடருக்கு அது வெற்றுப் பக்கம். கொடுமை என்னவென்றால் நல்ல உரைக்கோப்பு அதே மேசையில் இருக்கும் கணினியில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

எளிய வழி: கையெழுத்திட்ட ஸ்கேனையும் போடுங்கள், அதற்குப் பக்கத்திலேயே உரையை ஒரு சாதாரண இணையப் பக்கமாகவும் போடுங்கள். டிஜிட்டல் கையொப்பம் வந்துவிட்ட அலுவலகங்களில் ஸ்கேனுக்கே அவசியமில்லை.

வேர்டில் இருந்து பிடிஎஃப் எடுக்கும்போது 'பிரின்ட்' வழியாகப் போகாமல் 'சேவ் அஸ்' வழியாகப் போங்கள். பிரின்ட் வழியில் தலைப்பு, பட்டியல், அட்டவணை என்ற அமைப்புக் குறிகள் உதிர்ந்துவிடும். தலைப்பு என்றால் எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்குவது இல்லை. வேர்டின் 'ஹெடிங்' பாணியைப் பயன்படுத்த வேண்டும். அப்போதுதான் என்.வி.டி.ஏ. பயனர் எச் விசையைத் தட்டித் தலைப்பு தலைப்பாகத் தாவ முடியும். இவ்வளவு செய்தும் தமிழ் பிடிஎஃப்பில் ஒரு வம்பு உண்டு: 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பும் காலும் பிரிந்து வரிசை மாறிவிடலாம். ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், அங்கே எழுத்து உடைந்திருந்தால் காதிலும் உடைந்துதான் விழும். இதனால்தான் முடிந்தவரை இணையப் பக்கமாகவே போடச் சொல்கிறேன்.

பழைய பிடிஎஃப் ஆயிரக்கணக்கில் கிடக்கிறதே, எல்லாவற்றையும் எப்படி மாற்றுவது?

எல்லாவற்றையும் மாற்றப் போனால் ஒன்றும் நடக்காது. இப்போது நடைமுறையில் உள்ள திட்டங்களின் ஆணைகள், விண்ணப்பப் படிவங்கள், பயனாளி பட்டியல்கள் முதலில். மீதிக்கு, 'இந்த ஆவணம் உரை வடிவில் வேண்டுமானால் இந்த எண்ணில் கேளுங்கள், இத்தனை நாளில் தருவோம்' என்று எழுதி, கேட்டால் உண்மையிலேயே கொடுங்கள். இன்று முதல் ஏறும் புதிய கோப்பு ஒன்றுகூடத் தவறாக ஏறக்கூடாது. குழாயை மூடாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

கேப்ட்சாவை எடுத்தால் பாதுகாப்புத் தணிக்கையில் கேள்வி வருமே?

வளைந்து நெளிந்த எழுத்துப் படம் பார்வையற்றவருக்குப் பூட்டிய கதவு. ஒலி கேப்ட்சா வைத்தாலும் அது ஆங்கிலத்தில், இரைச்சலோடு வரும். தமிழ் மட்டும் தெரிந்தவருக்கோ பார்வையும் செவியும் இரண்டும் இல்லாதவருக்கோ உதவாது. ஓடிபி வைத்துத்தான் உள்ளே விடுகிறீர்கள் என்றால் அதற்கு முன்னால் கேப்ட்சா எதற்கு? ஓர் எண்ணுக்கு ஒரு மணி நேரத்தில் இத்தனை ஓடிபி என்று சர்வரில் வரம்பு வைத்தால் தணிக்கைக்காரரிடம் பதில் சொல்ல முடியும்.

ஓடிபிக்கும் நேரம் கொடுங்கள். 30 வினாடியில் போனை எடுத்து, செய்தியைக் கேட்டு, திரும்பி வந்து அடிக்க எல்லோராலும் முடியாது. கடவுச்சொல் கட்டத்தில் ஒட்டுவதைத் தடை செய்யாதீர்கள், டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 பதிப்பு இதைத் தனி விதியாகவே பேசுகிறது. பாதிப் படிவத்தில் 'உங்கள் அமர்வு முடிந்தது' என்று வெளியே தள்ளுவதற்கு முன் எச்சரித்து, நேரத்தை நீட்டிக்க வழி கொடுங்கள்.

மேலே 'அ+ அ-' பொத்தானும் சக்கர நாற்காலிப் படமும் வைத்திருக்கிறோம். அது போதாதா?

போதாது. எழுத்தைப் பெரிதாக்க உலாவியிலேயே வசதி இருக்கிறது. அப்படிப் பெரிதாக்கினால் உங்கள் பக்கம் உடைகிறதா என்பதுதான் கேள்வி. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பொத்தானில் 'விண்ணப்பத்தின் நிலையறிய' என்று போட்டு 200 சதவீதம் பெரிதாக்கினால் பாதி வெளியே போய்விடும். பொத்தானுக்கு உயரத்தையும் அகலத்தையும் நிர்ணயிக்காமல் விட்டால் இந்தச் சிக்கல் வராது. இரு ஓரமும் நேராக்கி அடுக்குவதையும் விட்டுவிடுங்கள். நீளச் சொற்களுக்கு இடையே பள்ளம் பள்ளமாக இடைவெளி விழும்.

ஒரு வரி நிரலைச் சேர்த்தால் தளம் முழுக்கத் தானாகச் சரியாகிவிடும் என்று விட்ஜெட் விற்பவர்களிடம் ஜாக்கிரதை. அமெரிக்காவில் அப்படி விளம்பரம் செய்த ஆக்சசிபி என்ற நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்டும்படி அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2025-ல் உத்தரவிட்டது. லேபிள் இல்லாத கட்டத்துக்கு என்ன பெயர் என்று அந்த விட்ஜெட்டுக்கு எப்படித் தெரியும்?

நிறங்களில் என்ன பார்க்க வேண்டும்?

எழுத்துக்கும் பின்புலத்துக்கும் உள்ள வேறுபாடு சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1. வெள்ளைப் பின்னணியில் 767676 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறம் மயிரிழையில் தேறும், 777777 தேறாது. அரசுத் தளங்களுக்குப் பிடித்த பளீர்ச் சிவப்பு, அதாவது அந்த 'புதியது' அறிவிப்புகளின் நிறம், வெள்ளையில் சுமார் 4:1 தான். அதுவும் தேறாது. தமிழில் புள்ளி ஒன்று மங்கினால் சொல்லே மாறும் என்பதால் நான் இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே வைக்கச் சொல்வேன்.

அப்புறம், ஓடும் எழுத்து. ஐந்து வினாடிக்கு மேல் தானாக நகர்ந்தால் நிறுத்துவதற்கு ஒரு வழி இருக்க வேண்டும் என்பது விதி. என் யோசனை, அந்த ஓடும் பட்டையை மொத்தமாக எடுத்துவிடுவது. யாரும் வருத்தப்பட மாட்டார்கள்.

காது கேளாதவர்களுக்கு இணையதளத்தில் என்ன சிரமம்? படிக்கலாமே?

வீடியோவில் சிரமம். வசனங்களை எழுத்தில் போடுங்கள். தானியங்கி வசனத்தைத் திருத்தாமல் விட்டால் திட்டத்தின் பெயரும் தொகையுமே தப்பாக வரும். 'உதவிக்கு அழைக்கவும்' என்று தொலைபேசி எண் மட்டும் கொடுப்பதும் சிரமம். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ சேருங்கள்.

படிப்பதிலும் ஒரு விஷயம் உண்டு. பிறவியிலேயே காது கேளாத பலருக்குச் சைகை மொழிதான் முதல் மொழி. எழுத்துத் தமிழ் பிறகு கற்றது. அவரிடம் போய், 'மேற்படி திட்டத்தின் கீழ் பயன்பெற விரும்பும் தகுதியுடைய பயனாளிகள் உரிய ஆவணங்களுடன் சம்பந்தப்பட்ட அலுவலரை அணுகி விண்ணப்பித்துப் பயன்பெறுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்' என்றால்? எந்த ஆவணம், எந்த அலுவலர் என்று தமிழ் எம்.ஏ. படித்தவருக்கும் தெரியாது. 'உங்கள் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பியுங்கள். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், ஒரு போட்டோ கொண்டு வாருங்கள்' என்று எழுதினால் அறிவுசார் குறைபாடு உள்ளவரும் வயதானவரும்கூடப் புரிந்துகொள்வார்கள். முக்கியமான திட்டங்களுக்கு இந்தியச் சைகை மொழியில் சிறு வீடியோ இருந்தால் இன்னும் நல்லது.

அவர்களுக்கென்று எளிமையாகத் தனித் தளம் ஒன்று போட்டுவிட்டால்?

ஆறு மாதத்தில் அதைப் புதுப்பிக்க மறந்துவிடுவீர்கள். ஒரே தளம், எல்லோருக்கும்.

இ-சேவை மையத்துக்குப் போய்ச் செய்துகொள்ளலாமே?

விரும்புகிறவர் போகட்டும். ஆனால் ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி, மருத்துவச் சான்று எல்லாவற்றையும் அறிமுகமில்லாத ஒருவரிடம், வரிசையில் நிற்பவர்கள் காதுபட, சொல்ல வேண்டியிருக்கிறது. மற்றவர்கள் வீட்டில் இருந்தபடி செய்யும் வேலைக்கு இவர் மட்டும் ஏன் ஆட்டோ பிடிக்க வேண்டும்?

டூல் வைத்துச் சோதித்தோம், 100-க்கு 98 வந்திருக்கிறது. முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாமா?

ஆக்ஸ், வேவ், லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிச் சோதனைக் கருவிகள் நல்ல தொடக்கம். ஆனால் படத்துக்கு மாற்று உரை (படத்தில் இருப்பதை ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் வரி) இருக்கிறதா என்று பார்க்குமே தவிர, அது சரியான உரையா என்று அவற்றுக்குத் தெரியாது. எல்லாப் படத்துக்கும் 'படம்' என்று எழுதிவைத்தாலும் மதிப்பெண் கிடைத்துவிடும். பிரிட்டன் அரசின் டிஜிட்டல் பிரிவு 2017-ல் வேண்டுமென்றே தப்புத் தப்பாக ஒரு பக்கம் செய்து பத்துக் கருவிகளை அதன்மேல் ஏவிப் பார்த்தது. முதலிடம் பிடித்த கருவிகூடப் பாதித் தவறுகளைப் பிடிக்கவில்லை.

கருவி முடிந்ததும் எலியைக் கழற்றிவிட்டு விசைப்பலகையில் மட்டும் முழுச் சேவையையும் செய்து பாருங்கள். கர்சர் எங்கே நிற்கிறது என்பது ஒவ்வோர் அடியிலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பிறகு ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற ஸ்கிரீன் ரீடரைப் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் பெரும்பாலானோர் வருவது போனில்தான். (போடுவதற்கு முன் அதை அணைப்பது எப்படி என்று படித்துக்கொள்ளுங்கள். ஒரு தட்டில் எதுவும் திறக்காது, இரண்டு தட்ட வேண்டும்.) கடைசியாக, மாற்றுத்திறனாளிகளைக் கூப்பிட்டுச் செய்துகாட்டச் சொல்லுங்கள். அவர்களுக்குச் சம்பளம் கொடுங்கள். டீயும் சான்றிதழும் கொடுத்து அனுப்புவது சோதனைக்கு வந்தவருக்கு அழகல்ல.

டெண்டரில் என்ன எழுத வேண்டும்?

'தளம் மாற்றுத்திறனாளிகளுக்கு உகந்ததாக இருக்க வேண்டும்' என்று ஒரு வரி எழுதினால் யாரையும் பிடிக்க முடியாது. எந்தத் தரம், எந்த நிலை, எந்தெந்தச் சேவைகள், எந்த ஸ்கிரீன் ரீடரில் சோதனை, தமிழிலும் ஆங்கிலத்திலும் சோதனை என்று பெயர் சொல்லி எழுதுங்கள். கடைசித் தவணைப் பணத்தை மூன்றாம் தரப்புச் சோதனை அறிக்கையோடு கட்டுங்கள். மத்திய அரசின் எஸ்.டி.க்யூ.சி. அமைப்பு ஜி.ஐ.ஜி.டபிள்யூ.படி சோதித்துச் சான்று தருகிறது. பராமரிப்பு ஒப்பந்தத்திலும் இதே நிபந்தனை இருக்கட்டும். தளம் திறப்பு விழாவன்று நன்றாக இருந்து, அடுத்த வருடம் புதுப் படிவம் சேர்த்தபோது கெட்டுப்போவதே வழக்கம்.

அதோடு, தினமும் கோப்பு ஏற்றுகிறவருக்குப் பயிற்சி கொடுங்கள். அவர் மாற்றலாகிப் போனால் வருகிறவருக்கும். டெண்டரில் இது வராது என்பதால்தான் எப்போதும் விட்டுப்போகிறது.

நான் அலுவலர் இல்லை, பயனர். தளம் வேலை செய்யவில்லை என்றால் எங்கே புகார் கொடுப்பது?

முதலில் அந்தத் துறைக்கே எழுத்து மூலம் அனுப்புங்கள். 2016 சட்டத்தின் பிரிவு 23-படி ஒவ்வொரு அரசு அலுவலகமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை நியமித்திருக்க வேண்டும். அது வேலைவாய்ப்பு தொடர்பானது என்றாலும் பல அலுவலகங்களில் இந்த விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். பதில் வரவில்லை என்றால் மாநில அரசின் தளத்துக்கு மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர், மத்திய அரசின் தளத்துக்குத் தலைமை ஆணையர். இருவரும் சட்டப்படி விசாரிக்க வேண்டியவர்கள். சாட்சிகளை அழைக்கவும் ஆவணங்களைக் கேட்டுப் பெறவும் உரிமையியல் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரம் அவர்களுக்கு உண்டு.

புகாரில் 'தளம் சரியில்லை' என்று எழுதாதீர்கள். பக்கத்தின் முகவரி, தேதி, நேரம், எந்தக் கணினி அல்லது போன், எந்த ஸ்கிரீன் ரீடர், எந்தப் பதிப்பு, எந்தப் பொத்தானில் நின்றது, என்ன கேட்டது என்று எழுதுங்கள். திரையையும் குரலையும் சேர்த்து ஒரு நிமிடம் பதிவு செய்து இணைத்தால், 'எங்களுக்கு நன்றாகத்தான் வருகிறது' என்ற பதிலை அவர்களால் அனுப்ப முடியாது.